ஏழடி ஆள் எதற்கு?

பெரிய ரெஸ்லிங் கம்பெனியில் சின்ன உடம்பு எடுபடாது என்று ஒரு தீர்ப்பு நம்மிடையே உலவுகிறது. மயிலாப்பூர் லஸ் முனை டீக்கடையில் கிரிக்கெட் பேச்சு ஓய்ந்து ரெஸ்லிங் பேச்சு வந்தால் அதைக் கேட்கலாம். ஜிம்மில் பையனுக்கு டம்பெல் எடுத்துக் கொடுக்கும் மாஸ்டர் சொல்வார். மகனுடைய ஆசையைக் கேட்டுப் பதறும் அப்பா சொல்வார். இவர்கள் சொல்வதில் வியப்பில்லை. அமெரிக்காவில் அந்தக் கம்பெனியை நடத்தியவர்களே பல பத்தாண்டுகள் இதை நம்பித்தான் ஆள் எடுத்தார்கள். எந்தக் கம்பெனியின் மாதச் சம்பளமும் இல்லாமல், பள்ளிக்கூட ஹாலிலும் சமூக நலக் கூடத்திலும் முன்னூறு பேர் முன்னால் ஊர் ஊராகப் போய் மோதும் சுயேச்சை மல்லன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், டபிள்யூ.டபிள்யூ.இ. போன்ற மேடையில் ஏறினால் காணாமல் போவான் என்பது அவர்கள் கணக்கு. ரசிகனுக்குப் பூதம்தான் வேண்டும், ஐந்தரையடிக்காரன் ஆறரையடிக்காரனை வீழ்த்தினால் எவன் நம்புவான், ஜெயித்த ஒன்றிரண்டு பேர் விதிவிலக்கு என்று அதற்கு ஆதாரமும் காட்டுவார்கள். இந்தியாவுக்கென்று ஒரு பின்னிணைப்பு வேறு உண்டு: இங்கிருந்து போக வேண்டுமானால் ஏழடிக்கு மேல் உயர்ந்த கிரேட் காளி மாதிரி இருக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பு தவறு. அரைகுறையாக அல்ல, அடியோடு தவறு. இதனால் வீணான காலமும் திறமையும் கொஞ்சமல்ல.

நமக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மயிலாப்பூர்ப் பள்ளிகளில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெட்டிக்கடையில் தொங்கும் ட்ரம்ப் கார்டு கட்டு. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு ரெஸ்லரின் படம். அதன் கீழே ரேங்க், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ். ஆடுகிறவன் ஒரு வரியைச் சொல்வான். எவன் அட்டையில் எண் பெரிதோ, எதிராளி அட்டை அவனுக்கு. பிக் ஷோ கையில் வந்தவன் யோசிக்கவே வேண்டாம், "வெயிட்" என்று சொன்னால் போதும். ரே மிஸ்டீரியோ வந்தவன் முகம் தொங்கிவிடும். அவர் எந்தக் கயிற்றிலிருந்து எவ்வளவு தூரம் பறப்பார், ஓர் அரங்கத்தை எத்தனை தடவை எழுந்து நிற்க வைப்பார் என்பதற்கெல்லாம் அந்த அட்டையில் வரி கிடையாது. ஆனால் அதே பிள்ளைகள் ராத்திரி டென் ஸ்போர்ட்ஸ் முன்னால் உட்கார்ந்து யாருக்காகக் கத்தினார்கள்? மத்தியானம் கை மாற்றிவிடத் துடித்த அந்த அட்டைக்காரருக்காகத்தான். கம்பெனிக்காரர்கள் கடைசிவரை அட்டையை மட்டும் பார்த்தார்கள். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்க்கவில்லை.

அளவுகோலை வைத்து ஆளை ஒதுக்குவது டிவி காலத்துப் பழக்கமும் அல்ல. 1910இல் காமா பயில்வான் லண்டனுக்குப் போனார். குலாம் முகமது என்ற இயற்பெயர் கொண்ட அவருக்கு உயரம் ஐந்தடி எட்டு அங்குலத்துக்குள்தான். அங்கே நடந்த போட்டியில் குள்ளம் என்று சொல்லி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடவில்லை. எந்த எடைக்காரராக இருந்தாலும் மூன்று பேரை அரை மணி நேரத்தில் வீழ்த்துகிறேன் என்று பகிரங்கமாகச் சவால் விட்டார். முதலில் அதை விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்கினார்கள். பிறகு அமெரிக்கரான பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். முதல் தடவை இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அடுத்து வந்தவர் போலந்தின் ஸ்பிஸ்கோ, அன்றைய உலகத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர். அந்த மகா மல்லர் இரண்டரை மணி நேரம் தரையோடு தரையாகக் கவிழ்ந்து கிடந்து தோல்வியைத் தவிர்த்தார். மறுபடி மோதக் குறித்த நாளில் அவர் வரவேயில்லை. ஜான் புல் பெல்ட் காமாவின் இடுப்புக்கு வந்தது. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஆட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. காமாவுக்கு இங்கே நாட்டுக்குள்ளேயே ஏறக்குறைய ஏழடி உயர ரஹீம் பக்‌ஷ் சுல்தானிவாலா எதிராளியாக இருந்தார். அவரையும் காமா விட்டுவைக்கவில்லை.

நம்முடைய சங்கப் புலவருக்கும் இது தெரிந்திருந்தது. ஆமூர் மல்லனைக் கோப்பெருநற்கிள்ளி வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடுகிறார். ஊருக்குள் சவால்விட்டு வந்தவனோடு கிள்ளி செய்த போரை வருணிக்க அவர் எடுத்த ஓர் உவமையைப் பாருங்கள். விழாவும் வந்து, மனைவிக்குப் பேறுகாலமும் நெருங்கி, மழையும் பெய்யும் ஒரு மாலையில் அவசர அவசரமாகக் கட்டில் பின்னும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசியின் விரைவைச் சொல்கிறார். மல்யுத்தம் பார்த்த கண் அது. உடம்பின் பருமனை விட்டுவிட்டு வேகத்தைப் பிடித்த கண்.

"அது நிஜச் சண்டை சார், இது நாடகம்" என்று இந்த இடத்தில் ஒருவர் குறுக்கே வருவார். வரட்டும். டபிள்யூ.டபிள்யூ.இ.யில் யார் ஜெயிப்பது என்பது முன்னாலேயே எழுதி வைக்கப்படுகிறது. அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் நாடகம் என்று ஒப்புக்கொண்ட பிறகு சின்ன ஆளுக்கு எதிரான வாதம் இன்னும் பலவீனமாகிறது. நிஜச் சண்டையில் எடைக்கு ஓர் அனுகூலம் உண்டு, அதனால்தான் ஒலிம்பிக்ஸில் எடைப் பிரிவு வைத்திருக்கிறார்கள். நாடகத்தில் எடைக்கு என்ன அனுகூலம்? நாடகத்துக்கு வேண்டியது நடிகன். பார்க்கிறவன் வயிற்றைக் கலக்கத் தெரிந்தவன்.

ரெஸ்லிங்கில் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு அடியை உருவாக்குகிறார்கள். அடிப்பது பாதி வேலை. விழுவது மீதிப் பாதி. ரிங்கின் தரை இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், அதன் மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். மெத்தை அல்ல அது. அதன்மேல் விழுகிறவன் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், மேல்முதுகு முழுக்க ஒரே கணத்தில் தரையில் படவேண்டும், இரு கையையும் விரித்துத் தட்டி அதிர்ச்சியைப் பரப்ப வேண்டும். ஒரு கணம் பிந்தினால் பின்மண்டை அடிபடும். இப்படி ஒரு ராத்திரிக்கு இருபது முப்பது தடவை விழ வேண்டும், ஒவ்வொரு தடவையும் உயிர் போகிற மாதிரி விழ வேண்டும். ஏழடி மனிதரால் இதைச் செய்ய முடியாது. முட்டியும் முதுகும் தாங்காது. அதனால் அவருக்காக இன்னொருவர் விழுகிறார். அவர் தள்ளினால் பத்தடி தள்ளிப் போய் விழுகிறார், அவர் அறைந்தால் காற்றில் ஒரு சுற்று சுற்றுகிறார். ராட்சதன் ராட்சதனாகத் தெரிவது அந்தச் சின்ன ஆளின் உழைப்பால். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் சின்ன ஆளுக்கு அங்கே இடமில்லை என்கிறார்கள். அவர்கள் கொண்டாடும் பெரிய ஆளின் வெற்றியிலேயே சின்ன ஆளின் கூலி பாக்கி இருக்கிறது.

இதற்குச் சாட்சி நம்ம காளியும் ரே மிஸ்டீரியோவும்தான். 2006 ஜனவரியில் ராயல் ரம்பிள் போட்டியில் ரே இரண்டாவது ஆளாக உள்ளே நுழைந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப் பிடித்து, கடைசி ஆளாக நின்றார். அறிவிக்கப்பட்ட உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், எடை ஏறக்குறைய 79 கிலோ. ஏப்ரல் 2ஆம் தேதி சிகாகோ அருகே நடந்த ரெஸ்ல்மேனியா என்ற பெரிய நிகழ்ச்சியில் கர்ட் ஆங்கிளையும் ராண்டி ஆர்ட்டனையும் வென்று உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அடுத்த மாதமே ஸ்மாக்டவுன் நிகழ்ச்சியில் அவரைக் காளியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இமாசலப் பிரதேசத்து தலீப் சிங் ராணா, ஏழடிக்கு மேல் உயரம், வந்த புதிது. சாம்பியனைத் துணி துவைப்பது போல் துவைத்துப் போட்டார். நம் வீடுகளில் பெருமை பொங்கிய ராத்திரி அது, எனக்கும் பொங்கியது. ஆனால் அந்த ஆட்டத்தை இப்போது நிதானமாகப் போட்டுப் பாருங்கள். காளியின் கை மெதுவாகத்தான் வருகிறது. அந்தக் கை பட்டதும் தெறித்துப் போகிறதே ஓர் உடம்பு, அதுதான் நம்மைப் பயமுறுத்தியது. காளியைப் பூதமாக்கியவர் ரே.

ரேயின் சாம்பியன் பட்டம் ஜூலையிலேயே போய்விட்டது, கம்பெனி அவரை வாராவாரம் யாரிடமாவது தோற்கவைத்தது, பார்த்தீர்களா எடுபடவில்லை என்று வாதிடுவோர் உண்டு. காரியத்தைக் காரணமாக்கும் வாதம் இது. அவரைத் தோற்கடித்தது ரசிகர்கள் அல்ல; தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு எழுதியவர்கள். சின்ன ஆள் சாம்பியனாக நிலைக்க மாட்டான் என்று முதலில் முடிவு கட்டினார்கள், பிறகு அவனை நிலைக்க விடாமல் எழுதினார்கள், கடைசியில் அவன் நிலைக்கவில்லை என்று சான்று கொடுத்தார்கள். ரே அதற்குப் பிறகும் விழுந்து எழுந்து ஆடிக்கொண்டே இருந்தார். 2023இல் அதே கம்பெனி அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது. காளியின் சாம்பியன் காலமோ 2007இல் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இவர் பெரியவர், அவர் சின்னவர், யார் நிலைத்தார்?

நம்ப முடியாது என்ற வாதத்துக்கு ஒரே ஒரு அசைவைச் சொல்கிறேன். ரேயின் 619. எதிராளி நடுக்கயிற்றின் மேல் கழுத்துச் சரிந்து விழுந்து கிடப்பான். ரே எதிர்க்கயிற்றில் மோதித் திரும்பி ஓடிவந்து, இரண்டு கயிறுகளைக் கையால் பற்றி, உடம்பைக் கிடையாக அவற்றுக்கு நடுவே வீசுவார். வெளிப்பக்கமாகச் சுழன்று வரும் கால் எதிராளியின் முகத்தில் இறங்கும். அதைப் பார்த்து இது சாத்தியமா என்று யாராவது கேட்டதுண்டா? பலத்தால் ஜெயிக்க வேண்டியவன் பெரிய ஆள். சின்ன ஆள் வேகத்தாலும் தருணத்தாலும் ஜெயிக்கிறான். கதையின் தர்க்கம் அதற்குள்ளேயே இருக்கிறது. ரே சாம்பியன் ஆவதற்கு இரண்டு வருடம் முன்னால், 2004 பிப்ரவரி 15 அன்று, எடி கெரெரோ பிராக் லெஸ்னரை வீழ்த்தி டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் ஆனார். எடிக்கு ஐந்தடி எட்டு அங்குலம். லெஸ்னர் ஒரு மனிதச் சுவர். அரங்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள், சிரிக்கவில்லை.

பெரிய உடம்பு என்பதே எப்படி வந்தது என்பதையும் பேசியாக வேண்டும். எண்பதுகளில் ரெஸ்லிங்கில் பார்த்த அந்தத் தோளும் தொடையும் வெறும் முட்டையாலும் உடற்பயிற்சியாலும் வந்தவை அல்ல. 1994இல் கம்பெனித் தலைவர் வின்ஸ் மக்மேன் ஸ்டீராய்டு வழக்கில் நீதிமன்றத்தில் நின்றார். அவர் விடுதலை ஆனது உண்மை. அந்த வழக்கில் ஹல்க் ஹோகன் தானே ஸ்டீராய்டு எடுத்ததாகச் சாட்சி சொன்னதும் உண்மை. விசாரணை சூடுபிடித்த காலத்தில்தான் கம்பெனி பிரெட் ஹார்ட்டைச் சாம்பியன் ஆக்கியது. 1996இல் ஷான் மைக்கேல்ஸ் அவரோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடிப் பட்டத்தை வாங்கினார். ஊசி குறைந்ததும் ஆட்டம் கூடியது. ரசிகனின் இயற்கையான ஆசை என்று நமக்கு விற்கப்பட்ட அந்த ராட்சத உடம்பு, மருந்துக்கடைச் சரக்கு.

இனி, சுயேச்சை மல்லர்களின் கதைக்கு வருவோம். இந்த விவாதத்தின் உயிர்நாடி அதுதான்.

பிரையன் டேனியல்சன் என்றொரு பையன் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து புறப்பட்டான். கம்பெனி பிற்காலத்தில் அறிவித்த உயரமே ஐந்தடி பத்துதான். 2002 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒரு பொழுதுபோக்குக் கூடத்தில் ரிங் ஆஃப் ஆனர் என்ற சின்னக் கம்பெனி தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியபோது, கடைசி ஆட்டத்தில் ஆடிய மூவரில் அவன் ஒருவன். அங்கே சாம்பியன் ஆகி, ஒரு வருடத்துக்கும் மேல் பட்டத்தை வைத்திருந்தான். 2010இல் டேனியல் பிரையன் என்ற பெயரில் டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு வந்தான். ஜூன் மாதம் வேலையை விட்டு அனுப்பினார்கள், ஆகஸ்டில் திரும்ப எடுத்தார்கள். 2012 ரெஸ்ல்மேனியாவில் ஷேமஸிடம் பதினெட்டு நொடியில் தோற்கவைத்தார்கள். உலக சாம்பியனாக உள்ளே வந்தவனைப் பதினெட்டு நொடியில்! அவமானம் என்றால் அது அவமானம்.

அந்தப் பதினெட்டு நொடிதான் கம்பெனிக்கு வினையாக முடிந்தது. மறுநாளிலிருந்து அரங்கங்கள் இரண்டு கையையும் மேலே உயர்த்தி "எஸ்! எஸ்!" என்று முழங்க ஆரம்பித்தன. யாரும் எழுதிக் கொடுத்த முழக்கம் இல்லை அது. 2014 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் ராயல் ரம்பிள். கம்பெனியின் திட்டம் படிஸ்டா ஜெயித்து ரெஸ்ல்மேனியாவில் ஆர்ட்டனோடு மோதுவது. இரண்டு பெரிய உடம்பு, இரண்டு பெரிய பெயர். பிரையனுக்கு அந்த ரம்பிளில் இடமே தரவில்லை. முப்பதாவது ஆளாக, கடைசியாக, ரே மிஸ்டீரியோ வந்தார். எல்லோருக்கும் பிடித்த ரே. அரங்கம் அவரையே பார்த்துக் கூச்சலிட்டது, வந்தவர் பிரையன் இல்லை என்பதற்காக. படிஸ்டா ஜெயித்ததும் அந்தக் கூச்சல் கூரையைப் பிய்த்தது. கம்பெனி இறங்கி வந்தது. ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸில் எழுபத்தையாயிரம் பேர் என்று அறிவிக்கப்பட்ட கூட்டத்தின் முன்னால் பிரையன் முதலில் டிரிபிள் ஹெச்சை வென்றார்; அதே ராத்திரி ஆர்ட்டனையும் படிஸ்டாவையும் வென்று சாம்பியன் ஆனார்.

முடிவை எழுதலாம், கைதட்டலை எழுத முடியாது. கம்பெனி நினைத்தால் யாரை வேண்டுமானாலும் தூக்கிவிடலாம் என்பவர்களுக்கு பிட்ஸ்பர்க் ஒன்றே பதில். ரசிகனுக்குப் பூதம்தான் வேண்டும் என்றால் அன்றைக்கு அவன் பூதத்தைப் பார்த்து ஏன் கூச்சலிட்டான்?

இந்தக் கேள்விக்கு இந்தியாவிலிருந்தே ஒரு பதில் உண்டு, கொஞ்சம் வலிக்கக்கூடிய பதில். 2017 மே மாதம் ஜிந்தர் மஹாலைச் சாம்பியன் ஆக்கினார்கள். கனடாவில் பிறந்த பஞ்சாபி, ஆறடி ஐந்து அங்குலம், செதுக்கிய உடம்பு. இந்தியச் சந்தையைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. நம் ஊர் ரசிகன் உயரத்துக்கும் உடம்புக்கும் தலைவணங்குவான், அதிலும் நம்மவன் என்றால் கேட்கவே வேண்டாம் என்று கணக்குப் போட்டார்கள். ஜிந்தரை நான் குறை சொல்லவில்லை. கொடுத்த வேலையை உழைத்துச் செய்தார். ஆனால் கணக்கு பொய்த்தது. டிசம்பரில் டெல்லியில் இரண்டு நாள் நடப்பதாக இருந்த நிகழ்ச்சி ஒரே நாளாகக் குறைந்தது. அதற்குள் நவம்பர் 7 அன்று மான்செஸ்டரில் பட்டத்தை அவரிடமிருந்து வாங்கியவர் யார் தெரியுமா? ஏ.ஜே. ஸ்டைல்ஸ். ஆறடிக்குக் குறைந்தவர். சின்னச் சின்ன அரங்குகளிலும், டி.என்.ஏ. என்ற கம்பெனியிலும், ஜப்பானிலுமாகப் பதினைந்து வருடத்துக்கு மேல் புழங்கிவிட்டு, முப்பத்தெட்டு வயதில் 2016இல் டபிள்யூ.டபிள்யூ.இ.க்குள் வந்தவர். பட்டம் கைக்கு வந்த பன்னிரண்டாம் நாள் ஜிந்தருக்கென்று குறித்திருந்த பிராக் லெஸ்னர் ஆட்டத்தில் இவர் ஆடினார். தோற்றார். ஆனால் தோற்ற அந்த ஆட்டத்தில் லெஸ்னரைத் தடுமாறவைத்து, ஜெயித்துவிடுவாரோ என்று பார்த்தவர்களை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்தார். மொத்தம் 371 நாள் பட்டத்தை வைத்திருந்தார். பறித்தவர் யாரென்றால், காயத்திலிருந்து மீண்டு வந்த டேனியல் பிரையன்.

இவர்களெல்லாம் விதிவிலக்கு என்று இன்னமும் சொல்வீர்களானால், எத்தனை விதிவிலக்குகள் சேர்ந்தால் விதி மாறும்? சி.எம். பங்க் சுயேச்சை அரங்குகளிலிருந்து வந்து 434 நாள் சாம்பியனாக இருந்தார். டைலர் பிளாக் என்ற பெயரில் ரிங் ஆஃப் ஆனரில் சாம்பியனாக இருந்தவர்தான் இன்றைய செத் ராலின்ஸ். மாண்ட்ரியால் பக்கத்துச் சின்ன ஹால்களில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு வளர்ந்த கெவின் ஓவன்ஸும் சமி ஜெய்னும் 2023 ரெஸ்ல்மேனியாவின் முதல் ராத்திரியை முடித்துவைத்தார்கள். பெண்கள் பக்கம் பாருங்கள்: ஜப்பானிலிருந்து வந்த இயோ ஸ்கைக்கு ஐந்தடி ஓர் அங்குலம், 2025 ரெஸ்ல்மேனியாவில் ரியா ரிப்ளி, பியாங்கா பெலேர் என்ற இரண்டு வலிமைமிக்கவர்களை ஒரே ஆட்டத்தில் சமாளித்துப் பட்டத்தைக் காத்தார்.

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் ஒரே கனமான சான்று 205 லைவ். அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. 2016இல் 205 பவுண்டுக்கு, அதாவது 93 கிலோவுக்கு, உட்பட்ட முப்பத்திரண்டு பேரை உலகம் முழுவதிலிருந்தும் கூட்டி க்ரூசர்வெயிட் கிளாசிக் என்று ஒரு போட்டி நடத்தினார்கள். அபாரமான போட்டி. அந்தக் கைதட்டலை நம்பி நவம்பரில் சின்ன ஆட்களுக்கென்றே 205 லைவ் என்ற வாராந்தர நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். அது தேறவில்லை. வெறிச்சோடிய இருக்கைகளைக் காட்டி, பார்த்தாயா என்றார்கள். எப்போது நடத்தினார்கள் என்று கேளுங்கள். ஸ்மாக்டவுன் இரண்டு மணி நேரம் ஓடி முடிந்து, ஜனங்கள் காரை எடுக்கக் கிளம்பிய பிறகு.

டிசம்பர் சீசனில் மயிலாப்பூர் சபாக்களுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு, இலவச நுழைவு ஸ்லாட்டில், ஓர் இளம் பாடகி தோடியை உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பார். கூடத்தில் முப்பது பேர், அதில் பாதிப் பேர் கேன்டீன் சாப்பாட்டின் அசதியில். அந்த முப்பது பேரை எண்ணிப் பார்த்துவிட்டு, இவருக்கு ஆறரை மணிக் கச்சேரி தாங்காது, டிக்கெட் விற்காது என்று ஒரு காரியதரிசி முடிவு செய்தால் அதைவிட அநியாயம் உண்டா? ஆறரை மணியைக் கொடுத்துப் பார்த்துவிட்டல்லவா சொல்ல வேண்டும். இன்று ஆறரை மணியில் ஹவுஸ்ஃபுல் ஆக்குகிற வித்வான்கள் பலர் இரண்டு மணியிலிருந்து வந்தவர்கள்தான். 205 லைவில் கிடந்தவர்களில் ஒருவரான முஸ்தபா அலி, சிகாகோ அருகே போலீஸ் வேலை பார்த்துக்கொண்டே சின்ன அரங்குகளில் ஆடியவர். ஸ்மாக்டவுனில் பெரிய ஆட்கள் நடுவே கொண்டுவந்து நிறுத்தியதும் கூட்டம் அவரைக் கவனித்தது. சின்ன ஆட்கள் தோற்கவில்லை. வேலி போட்டுத் தனியாக அடைத்த அந்த ஏற்பாடுதான் தோற்றது. சின்ன ஆளின் கலைக்குப் பெரிய ஆள் எதிரே வேண்டும். சிங்கத்தை அகற்றிவிட்டு மானின் ஓட்டத்தைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்?

சின்ன உடம்பு சீக்கிரம் முறியும் என்று கவலையோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. பிரையன் தலைக்காயங்களால் 2016இல் ஓய்வு அறிவித்து இரண்டு வருடம் வெளியே இருந்தார். ஆனால் பெரிய உடம்பும் முறிகிறது. ராட்சத உடம்புக்குப் பெயர்போன ஆந்த்ரே 46 வயதில் போனார். அப்படியே பெருத்த உடம்புக்காரரான யோகோசூனா 34 வயதில் போனார். இந்தத் தொழில் எல்லா உடம்பையும் தின்கிறது. சின்னதை மட்டும் தின்பதாகச் சொல்வது காரணம் தேடுவது.

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். ஏழடி என்ற இந்த மூடநம்பிக்கை இந்தியாவில்தான் அதிக சேதம் செய்திருக்கிறது. காளி ஒருவர் ஜெயித்ததும், இங்கிருந்து அடுத்து யாரை எடுப்பது என்றால் அடுத்த காளி எங்கே என்றே தேடினார்கள். ஷாங்கி ஏழடி. பேஸ்பால் எறியப் போய், அந்தக் கதை 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஏ.ஆர். ரஹ்மான் இசையில் படமாகவும் வந்து, பிறகு ரெஸ்லராக மாறிய ரிங்கு சிங் ஆறடி நான்கு. அவரோடு ஜோடி சேர்ந்த சௌரவ் குர்ஜர் அதற்கும் மேல். 2023இல் ஷாங்கியையும், 2024 ஏப்ரலில் ஜிந்தர், ரிங்கு, சௌரவ் மூவரையும் கம்பெனி விடுவித்துவிட்டது. போட்டிக் கம்பெனியான ஏ.இ.டபிள்யூ. 2022இல் நம் கூடைப்பந்து வீரர் சத்னாம் சிங்கை இறக்கியபோது, ஏழடி இரண்டு அங்குல அந்த மனிதரின் பக்கத்தில் மைக் பிடித்துப் பேசியவர் சோன்ஜய் தத். அமெரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், ஐந்தடி எட்டு அங்குலம், சுயேச்சை அரங்குகளில் பறந்து பறந்து பெயர் வாங்கியவர். தொழில் தெரிந்தவர் எவர் என்பது அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்தது.

2021 குடியரசு தினத்தன்று இந்திய ரசிகர்களுக்கென்று ஒளிபரப்பிய சூப்பர்ஸ்டார் ஸ்பெக்டக்கிள் நிகழ்ச்சியில், குரு ராஜ் என்ற சின்ன உடம்புக்கார இந்தியர் ஃபின் பேலரோடு ஆடினார். பேலரும் ஆறடிக்குள் அடங்குபவர். கம்பெனியின் முதல் யூனிவர்சல் சாம்பியன். அன்று இந்தியர் ஆடிய ஆட்டங்களில் ஆட்டம் என்று சொல்லத்தக்கது அதுதான் என்பது என் தீர்மானம். ஏழடிக்காரர்கள் அன்று வந்து நின்றார்கள். குரு ராஜ் ஆடினார்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்குப் பொருந்தும் உடம்பு இல்லையா? விழுப்புரத்தில் போய் மல்லர் கம்பம் பாருங்கள். விளக்கெண்ணெய் பூசிய வழுக்கும் மரத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தலைகீழாக ஏறி, தொடையிடுக்கின் பிடியில் மட்டும் தொங்கி, கையை விரித்துக் காட்டுகிறான். மல்லர்களின் பயிற்சிக்காகவே ஏற்பட்ட கலை அது. மெக்சிகோவின் லூச்சா மல்யுத்த அரங்குகளில் ரே கற்றுக்கொண்ட பிடியும் சுழற்சியும் அந்தப் பிள்ளையின் உடம்பில் ஏற்கெனவே இருக்கின்றன. மயிலாப்பூரிலிருந்து அரை மணியில் போய்விடக்கூடிய வடபழனியில் ஸ்டண்ட் கலைஞர்கள் இருக்கிறார்கள். ஹீரோ அடித்ததும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறந்து விழுகிற அவர்களைவிட விழத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் யார்? ஹீரோவை ஹீரோவாக்குவதும் அவர்களுடைய விழுதல்தான். ஜலந்தரில் காளி நடத்துவதுபோல் இங்கே ஒரு பள்ளி வேண்டும். மொட்டைமாடியில் மெத்தை விரித்து யூடியூப் பார்த்துப் பழகும் பையன்கள் கழுத்தை ஒடித்துக்கொள்வதற்கு முன்னால், விழச் சொல்லித்தர ஓர் ஆசான் வேண்டும்.

2019 மார்ச்சில் மும்பையில் டபிள்யூ.டபிள்யூ.இ. தேர்வு முகாம் நடத்தியது. அடுத்த முகாமைச் சென்னையில் நடத்தட்டும். விழுப்புரத்துப் பிள்ளைகளையும் வடபழனிக் கலைஞர்களையும் கூப்பிடட்டும். முதல் நாள் ரிங்கில் ஏற்றி விழச் சொல்லட்டும், ஓடச் சொல்லட்டும், மைக்கைக் கொடுத்து ஐந்நூறு பேர் முன்னால் பேசச் சொல்லட்டும். உயரம் அளக்கும் டேப்பை, உடை தைக்க டெய்லர் வரும் நாளில் எடுத்தால் போதும்.